ஸ்டோருக்குள் பிறக்கும் தண்ணீர்

பன்வில பக்கம் போனால் ஒரு தேயிலை ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்துவிடுங்கள். வாசமே ஆளைத் தூக்கும்! கொழுந்து என்று சாக்குச் சாக்காக வந்து இறங்குவதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ கொழுந்துக்கு 22 கிலோ சொச்சம்தான் தேயிலை தேறும். மிச்சம் 78 கிலோ ஆவி! அதிலும் ஏறக்குறைய 69 கிலோ ஒட்சிசன். ஐதரசன் 9 கிலோகூட வராது. தலையை எண்ணினால் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. தராசில் ஏற்றினால் ஐதரசன் 2, ஒட்சிசன் 16. சின்னவர்கள் கூட்டமாக வந்தும் எடை இல்லை, பாவம்.

மேல்மாடியில் நீளத் தொட்டிகள். அடியிலிருந்து விசிறி ஊத ஊத, இரவு முழுக்கக் கொழுந்து வாடும். காலையில் காம்பை வளைத்துப் பாருங்கள், ஒடியாது. ஸ்டோரின் காவல் தெய்வம் ரோதைமுனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கினால் ரோலர். இலை நசுங்கி, சாறு கசிந்து, பச்சை நிறம் கண்ணெதிரே செம்பாக மாறுகிறது.

இங்கேதான் திருட்டுத்தனம்! இலையில் இருக்கும் ஒரு நொதியம், அதே இலையின் கட்டெச்சின் என்ற சேர்வையிலிருந்து ஐதரசனைப் பிடுங்கிக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்துவிடுகிறது. ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று... அட, புதுத் தண்ணீர்! மேலே விடிய விடிய விசிறி போட்டுத் தண்ணீரை விரட்டுகிறோம். கீழே இது சத்தமில்லாமல் தண்ணீர் செய்கிறது. கொஞ்சூண்டுதான், இருந்தாலும் துணிச்சலைப் பாருங்கள். நேற்றுவரை நக்கிள்ஸ் மலைச்சரிவில் வெயில் காய்ந்துகொண்டு, தண்ணீரை உடைத்து ஒட்சிசனை வெளியே விட்டதும் இதே இலைதான்.

ட்ரையருக்குச் சூடு தரும் உலைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. விறகிலும் ஐதரசன் உண்டு. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் அரைக் கிலோவுக்குக் குறையாத தண்ணீர் பிறக்கிறது, நெருப்புக்குள்ளே! ஐதரசனை எரித்தால் தண்ணீர் வரும் என்பதை லண்டனில் ஹென்றி கவெண்டிஷ் 1784இல் அறிக்கையாகவே வெளியிட்டார். நம் விறகுக்காரர் அதைத் தினமும் செய்கிறார், யாரும் கைதட்டுவதில்லை.

அந்தத் தண்ணீர் தேயிலைப் பக்கம் வராது. புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே ஓடிச் சிம்னியால் போய்விடும். குழாயைத் தொட்டுச் சூடான சுத்தக் காற்று மட்டும் ட்ரையருக்குள் நுழையும். இருபது நிமிடம் போல வறுபட்டால் தேயிலையில் மிஞ்சும் ஈரம் 3 வீதம் அளவுதான். ஈரம் மிகவும் கூடிவிட்டால் மூட்டைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். டீ மேக்கர் விடமாட்டார்.