ஓபோ வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி ‘லெஃப்ட் எஃப்’ கீ இருக்கான்னு பாருங்க!

ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு முன் மற்ற வாத்தியங்கள் சுருதி சேர்ப்பது ஓபோவின் ‘ஏ’ ஸ்வரத்தை வைத்துத்தான். நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல, இதற்கு இரட்டை ரீட். ஆனால் முதல் ஓபோ வாங்குபவரைக் குழப்புவது ரீட் அல்ல, கீக்கள்!

எந்த சிஸ்டம்?

உலகில் அதிகம் புழங்குவது பிரெஞ்சு ‘கான்சர்வடோயர்’ சிஸ்டம். பிரிட்டனில் ‘தம்ப்பிளேட்’ சிஸ்டமும் உண்டு. இதில் பி ஃபிளாட், சி ஸ்வரங்களுக்கு இடது கட்டைவிரலைத் தூக்கினால் போதும். கான்சர்வடோயரில் வலது ஆள்காட்டி விரல் வேண்டும். ஆசிரியர் எதை வாசிக்கிறாரோ, அதையே வாங்குவது நல்லது.

எந்த கீ முக்கியம்?

விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் லெஃப்ட் எஃப் கீ இருப்பதில்லை. அப்போது டி-யிலிருந்து எஃப்-க்குப் போக, வலது மோதிர விரல் துளையை விட்டுவிட்டு கீக்குத் தாவணும். நடுவில் வேறு ஸ்வரம் எட்டிப் பார்க்கும். லெஃப்ட் எஃப் இருந்தால், அந்த வேலையை இடது சுண்டுவிரல் பார்த்துக்கொள்ளும். ‘ஃபோர்க்ட் எஃப்’ என்ற மாற்று வழி இருக்கு. ஆனா அதற்கான துணைக் கீ இல்லாத மாடல்களில் சத்தம் மந்தமா வரும். லோ பி ஃபிளாட் கீயும் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

மரமா, பிளாஸ்டிக்கா?

கிரனடில்லா மரம் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போது விரிசல் விடலாம். பிளாஸ்டிக்கில் அந்தப் பயம் இல்லை.

பட்ஜெட் இடிக்குதா?

கீ குறைந்த ஓபோவை மலிவா வாங்கிட்டா, பாடம் கொஞ்சம் முன்னேறியதும் இன்னொன்று வாங்க வேண்டிவரும். அதைவிட, ரிப்பேர் தெரிந்தவர் பார்த்து ஓகே சொன்ன, லெஃப்ட் எஃப் உள்ள செகண்ட் ஹேண்ட் ஓபோவே மேல்.