ஐம்பதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப் – 7: இரண்டாவது ஸ்டிக்

இன்டெல் கோர் ஐ5 1235யூ பிராசஸர் போட்ட இரண்டு லேப்டாப்புகள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டிலும் 16 ஜிபி ரேம். ஒன்றில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தைப் பார்த்தால் ‘ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ்’ என்று இருக்கும். இன்னொன்றில் அதே இடத்தில் வெறும் ‘யூஎச்டி கிராபிக்ஸ்’. வாங்கியவர் பதறிப்போய்க் கடைக்கு ஓடுவார். கடைக்காரர் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றிப் பார்ப்பார். பெயர் மாறாது. உள்ளே இருக்கும் சிப் இரண்டிலும் ஒன்றுதான். முதல் லேப்டாப்பில் எட்டு எட்டாக இரண்டு ரேம் ஸ்டிக். இரண்டாவதில் பதினாறும் ஒரே ஸ்டிக். வேறு எந்த வித்தியாசமும் கிடையாது.

இது கோளாறு அல்ல, இன்டெல் வகுத்த விதி. மெமரிக்குப் போகும் பாதை 128 பிட் அகலம் இருந்தால்தான், அதாவது இரண்டு சேனலும் நிரம்பியிருந்தால்தான், ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர். பாதி அகலம் என்றால் யூஎச்டி. தயாரித்த நிறுவனமே ரேம் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தன் கிராபிக்ஸுக்குப் பெயர் வைக்கிறது. இரண்டாவது ஸ்டிக் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது. அதற்குள் நுழையும் முன் இந்த ரேம் விஷயத்தைத் தீர்த்தாக வேண்டும். போன வாரம் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளிருக்கும் கட்டமைப்பின் வயதைச் சொல்லும் என்று பார்த்தாயிற்று. அது நினைவில் இருந்தால் போதும்.

தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது. விண்டோஸ், குரோம், வேர்டு எல்லாம் புழங்கும் அதே ரேமில்தான் அதுவும் இடம் பிடிக்க வேண்டும். இடத்தை மட்டுமல்ல, வழியையும் பங்குபோட வேண்டும். டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கொண்டுவரும். பாதையின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட், நொடிக்கு 320 கோடி முறை, பெருக்கினால் 25.6. இரண்டு ஸ்டிக் இருந்தால் 51.2.

இது எதற்கு? ஃபுல் எச்டி திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 8.3 எம்பி, நொடிக்கு 60 படம் என்றால் அரை ஜிபி. 25.6 ஜிபி வரும் இடத்தில் அரை ஜிபிக்கு என்ன தட்டுப்பாடு என்று தோன்றும். ஆனால் அந்த அரை ஜிபி, கடைசியில் திரைக்குப் போகும் படத்துக்கு மட்டும். அதை வரைந்து முடிப்பதற்குள் சுவரிலும் தரையிலும் ஒட்டும் டெக்ஸ்சர், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழக் கணக்கு, நிழல், புகை என்று ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பப் படித்து எழுத வேண்டியிருக்கிறது. பிராசஸரும் நடுவில் அதே வழியில் வந்து நிற்கும். கல்யாண மண்டபத்தில் எத்தனை இலை போடலாம் என்பது ஜிபி என்றால், பந்திக்கு எத்தனை வாசல் என்பது சேனல். முன்னூறு இலை போட்டுவிட்டு ஒரே வாசலைத் திறந்துவைத்தால் பாதி இலை காலியாகத்தான் கிடக்கும்.

விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் என்றாலும், ஒரு ஸ்டிக்கிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உள்கிராபிக்ஸின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுவது சர்வசாதாரணம். சிலவற்றில் அதற்கு மேலும். பிராசஸரில் ஐ5இலிருந்து ஐ7க்கு மாற ஆகும் கூடுதல் பணம் விளையாட்டில் இந்த அளவுக்குப் பலன் தருவதில்லை.

இந்த உண்மை புதிதும் அல்ல. 2001இல் என்விடியா, என்ஃபோர்ஸ் என்ற மதர்போர்டு சிப்செட்டைக் கொண்டுவந்தது. அதன் உள்ளேயே ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் தரத்தில் கிராபிக்ஸை வைத்தார்கள். வைத்த கையோடு அன்றைய ஒற்றை ஸ்டிக் அதற்குத் தீனி போடாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் இரண்டு டிடிஆர் ஸ்டிக்குகளைச் சேர்த்து ஓட்டும் ஏற்பாட்டைச் செய்து, அதற்கு ட்வின்பேங்க் என்று பெயரிட்டார்கள். 128 பிட் அகலம், நொடிக்கு 4.2 ஜிபி. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இரட்டைச் சேனல் டிடிஆர் வந்தது இப்படி, கிராபிக்ஸுக்காக. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்தது. அதிலும் என்விடியா கிராபிக்ஸ்தான். பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து மொத்தம் 64 எம்பி மெமரி, ஆனால் பாதை 128 பிட், நொடிக்கு 6.4 ஜிபி. அன்றைக்கு 64 எம்பிக்குக் கொடுத்த அகலத்தை இன்றைக்கு 16 ஜிபிக்குக் கொடுக்காமல் விற்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஸ்டீம் டெக். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட கையடக்க கேமிங் கருவி. அதில் இருப்பது நான்கு கோர் ஜென் 2. போன வாரம் பழையது என்று தள்ளிவைத்த அதே கட்டமைப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் ஏஎம்டி மலிவு லேப்டாப்புகளுக்காக ரைசன் 5 7520யூவை இறக்கியது. அதுவும் நான்கு கோர் ஜென் 2. இரண்டிலும் ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ். இரண்டிலும் எல்பிடிடிஆர்5 5500 மெமரி. காகிதத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் ஸ்டீம் டெக்கில் கிராபிக்ஸ் யூனிட் எட்டு, மெமரிப் பாதை 128 பிட், நொடிக்கு 88 ஜிபி. 7520யூவில் கிராபிக்ஸ் யூனிட் இரண்டு, பாதை 64 பிட், 44 ஜிபி. டெக்கின் ஆர்டர் திறந்த அதே பிப்ரவரி 25இல் வெளியான எல்டன் ரிங் அந்தக் கருவியில் நன்றாகவே ஓடுகிறது. 7520யூ லேப்டாப்பில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. அந்தச் சிப்புக்கான மெமரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வருவது. பிறகு ஒரு ஸ்டிக் வாங்கிப் போட்டுச் சரிசெய்வோம் என்ற வழியும் அடைபட்டது.

இன்டெல் பக்கம் இதற்குச் சமமான கண்ணி கோர் ஐ3 என்305. எட்டு கோர் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். எட்டும் சிறிய கோர்கள். மெமரிக்கு ஒற்றைச் சேனல் மட்டுமே. எத்தனை ஜிபி போட்டாலும் பாதை அகலமாகாது. பாடம் எழுத, வகுப்பு பார்க்க, அக்கவுண்ட்ஸ் போட அது தாராளம். விளையாடவும் வேண்டும் என்று கேட்டுவரும் பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுப்பது நியாயமில்லை.

“எட்டு ஜிபி இருக்கு சார், அப்புறம் வேணும்னா ஏத்திக்கலாம்.” ஜூன், ஜூலையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வரும் அப்பாக்கள் காதில் விழும் வாக்கியம் இது. பொய் என்று சொல்ல முடியாது, பாதி உண்மை. அப்போது திருப்பிக் கேட்க வேண்டியது: “தம்பி, எட்டு ஜிபி ஒரே ஸ்டிக்கா? இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்களா? கவரைத் தொறந்தா வாரண்டி என்ன ஆகும்?” மூன்றுக்கும் பதில் வராமல் பில் போடச் சொல்லக் கூடாது.

டெமோ பீஸ் ஆன் ஆகியிருந்தால் யாரையும் கேட்கவே வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் நல்ல செய்தி, இடம் இருக்கிறது. மெல்லிய மாடல்களில் போர்டில் எட்டு ஜிபி சால்டர் செய்து, பக்கத்தில் ஒரு ஸ்லாட் விட்டிருப்பார்கள். அதில் இன்னொரு எட்டு போட்டால் முழு அகலமும் கிடைக்கும். ஆசைப்பட்டு பதினாறு போட்டால், எட்டும் எட்டும் இரட்டைச் சேனலில் ஓடும், மிஞ்சிய எட்டு ஒற்றையாக ஓடும். கெடுதல் ஒன்றுமில்லை, அந்த மிச்சத்துக்கு முழு வேகம் கிடைக்காது, அவ்வளவுதான்.

டிடிஆர்5 வந்தபிறகு ஒரு புதுக் குழப்பம். டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றுக்குள்ளும் 32 பிட் அகலத்தில் இரண்டு துணைச் சேனல்கள் இருக்கின்றன. சிபியூ-இசட் போன்ற மென்பொருளில் ஒரே ஸ்டிக்குக்கும் இரண்டு என்று காட்டும். அதைக் காட்டி, இது ஒன்றே டூயல் சேனல் என்று சொல்பவர்கள் உண்டு. 32ம் 32ம் சேர்ந்தால் 64தான். 128 ஆக இன்னொரு ஸ்டிக் வேண்டும். டிடிஆர்5 5600 என்றால் ஒன்று 44.8 ஜிபி, இரண்டு 89.6 ஜிபி. டிடிஆர்4இன் ஒற்றை ஸ்டிக்கைவிட இது மேல் என்பது சரிதான், ஆனால் அதன் கிராபிக்ஸும் பெரிது, பசியும் பெரிது.

2011 செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்தநாளன்று, தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்பில் புராஜெக்ட் செய்த தலைமுறைக்கு அதே லேப்டாப்தான் முதல் கேமிங் கருவியும். விடுதி அறைகளில் பென்டிரைவ் வழியாகப் பரவிய ஜிடிஏ வைஸ் சிட்டியின் 2003 பிசி பதிப்பு கேட்டது 128 எம்பி ரேமும் 32 எம்பி வீடியோ மெமரியும். இன்று வேலரன்ட் குறைந்தபட்சமாகக் கேட்பது 4 ஜிபி ரேமும், 2012 காலத்து இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸும். அது எதிலும் ஓடும். 2023இல் வந்த கவுண்டர்-ஸ்டிரைக் 2 அப்படியில்லை: ரேம் 8 ஜிபி, டிஸ்கில் 85 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் போக மூன்றில் ஒரு பங்கை ஒரே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். எனவே எஸ்எஸ்டி 512. அதைப் பற்றி வேறு பேச்சே வேண்டாம்.

கல்லூரி வேலை என்று பார்த்தாலும் பதினாறு ஜிபி ஆடம்பரம் இல்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்டக் கூகுள் கேட்பதே 16 ஜிபி. மெக்கானிக்கல் பிள்ளைகளின் சாலிட்வொர்க்ஸுக்கும் அதே அளவு. பி.காம்., பி.ஏ. படிப்புக்கு எட்டு போதும், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்வரை.

பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெனோவோ திங்க்பேட் டி480இல் ரேம் ஸ்லாட் இரண்டும் தனித்தனியாகத் திறந்திருக்கும்; சால்டர் எதுவும் கிடையாது. அதில் வரும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களோடுதான் விண்டோஸ் 11க்கான அனுமதியும் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையோடு வரும் டி470ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு இப்போது இன்னொரு இடைஞ்சல். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேம் விற்பதை நிறுத்துவதாகவே அறிவித்தது. 29 ஆண்டுகளாக லேப்டாப்புக்கு இரண்டாவது ஸ்டிக் தேடியவர்கள் நம்பிக் கேட்ட பெயர் அது. முன்பெல்லாம் எட்டு ஜிபியோடு வாங்கு, ஆறு மாதம் கழித்து ஏற்று என்று சொல்வது நல்ல ஆலோசனை. இன்று எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக்கோடு வரும் மாடல் சற்று விலை கூடினாலும், அதையே முதலில் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இனி தனி கார்டு. ஆர்டிஎக்ஸ் 2050க்குச் சொந்தமாக 4 ஜிபி மெமரி, நொடிக்கு 112 ஜிபி வேகம். அங்கே இரண்டாவது ஸ்டிக்கின் அவசரம் குறையும். குறையுமே தவிர மறையாது, ஏனென்றால் பிராசஸர் இன்னும் அந்த ஒற்றை வழியையே நம்பியிருக்கும். அதற்கு மேலே ஆர்டிஎக்ஸ் 3050. லேப்டாப்புக்கான இந்தக் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 80 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியா தயாரிப்பாளர்களுக்கு விட்டிருக்கிறது. இரண்டுக்கும் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றே. 35 வாட் கார்டையும் 80 வாட் கார்டையும் கடையிலேயே பிரித்தறிவது எப்படி என்பது அடுத்த வாரம்.