உப்புக் காற்றில் ஒளி வடிகட்டி

தூத்துக்குடிக் கடற்கரையில் படம் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, காமிரா லென்சின் முன் திருகப்பட்ட ஒளி வடிகட்டி, அதாவது பில்டர், மங்கலாகத் தெரியும். அலைத்திவலைகள் அதன்மேல் படிந்து, நீர் ஆவியாகி, உப்பு எஞ்சியிருக்கிறது. உப்பளங்களில் நடப்பதே இங்கே சிற்றளவில் நடந்துள்ளது. பலர் இதை உடனே கைக்குட்டையால் துடைக்கின்றனர். அவ்வாறு செய்யலாகாது. ஏன்?

கண்ணாடியின் மேற்பூச்சு

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை எதிரொளிக்கும். இதைக் குறைக்க, நல்ல வடிகட்டிகளில் மக்னீசியம் புளோரைடு போன்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசுகின்றனர். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எஞ்சும் சிறிதளவு ஒளியே கண்ணாடியில் ஊதா நிறமாகத் தெரிகிறது. முத்தின் வண்ண மினுமினுப்புக்கும் இத்தகைய மெல்லிய அடுக்குகளில் ஒளியலைகள் குறுக்கிடுவது ஒரு காரணமாகும்.

உப்பா, மணலா?

மோவின் கடினத்தன்மை அளவையில் உப்பின் எண் சுமார் 2.5, கண்ணாடியின் எண் சுமார் 5.5. ஆகவே உப்பு கண்ணாடியைக் கீறாது. ஆனால் கடற்கரை மணலிலுள்ள குவார்ட்சின் எண் 7. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கசிந்து, மணல்துகள்களைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறது. அந்நிலையில் துடைத்தால் துணியே உப்புத்தாள் போலாகி மேற்பூச்சைக் கீறிவிடும்.

தூய்மை செய்யும் முறை

முதலில் ரப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தளர்ந்த மணலை அகற்றுக. பின் வடிகட்டியைக் காமிராவிலிருந்து கழற்றி, மென்மையாக ஓடும் நன்னீரில் கழுவுக. உப்பு கரைந்தால் ஒட்டிய மணலும் தானே நழுவிவிடும். விரல்ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு நீரில் கரையாது. அதற்கு ஒரு சொட்டு சோப்புத் திரவம் போதும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் காய்ந்தபின் வெண்புள்ளிகள் விழும். ஆகவே இறுதியாக, பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரால் அலசுக. அதன் பிறகே, துவைத்த மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

போலரைசர் வகையை நீரில் அமிழ்த்தலாகாது. அதில் இரு கண்ணாடிகளுக்கிடையே ஒரு படலம் ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் நீர் புகுந்தால் ஒட்டு பிரியும். அதன் மணலை ஊதி அகற்றியபின், நனைத்த துணியால் உப்பை ஒற்றி எடுப்பதே நலம்.

பழைய வடிகட்டி வாங்குவோர்க்கு

விளக்கொளி சாய்வாகப் படும்படி பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூசணம். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்திருந்தால் எக்கழுவலும் பயன்தராது. வளையம் உப்பினால் அரித்து இறுகியிருந்தால் அழுத்திப் பிடிக்காதீர்கள். அதன் வட்டம் நெளிந்து மேலும் இறுகும். அகன்ற ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, சீரான விசையுடன் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

நன்கு உலர்ந்த வடிகட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். தோல் உறை ஈரத்தைத் தேக்கிப் பூசணத்துக்கு இடம் தரும். கடலுக்குச் சென்று வந்த அன்றே கழுவிவிட்டால், வடிகட்டி நெடுநாள் உழைக்கும்.