ஒடுங்கிய இடத்தில் ஒரு கமரா

யாழ்ப்பாணத்துக் குசினி ஒன்றைப் படம்பிடிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் குந்தியிருக்கும் தாயும் வேண்டும்; வாசலில் நிற்கும் மகனும் வேண்டும். பின்னால் நகர்ந்தால் சுவர் முட்டுகிறது. படப்பிடிப்பு அரங்கிலென்றால் சுவரைக் கழற்றிவிடலாம். தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977) போல யாழ்ப்பாணத்துக்கே வந்து எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை.

அகன்ற கோண வில்லை கைகொடுக்கும். ஆனால், அது ஏமாற்றவும் செய்யும். கிட்டவுள்ள மூக்கைப் பெருப்பிக்கும். சிறு குசினியை மண்டபமாக்கும். அங்கே வாழ்பவர்களின் நெருக்கடி காணாமற் போய்விடும்.

1981 இல் வெளிவந்த 'தாஸ் பூட்' என்ற ஜேர்மன் படத்துக்கு நீர்மூழ்கிக் கப்பலின் உட்புறம் உண்மையளவிலேயே அமைக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் யோஸ்ற் வக்கானோ, ஆட்டத்தைத் தணிக்கும் சுழற்கருவி பொருத்திய சிறிய அரிஃபிளெக்ஸ் கமராவைக் கையிலேந்தி, மாலுமிகளோடு ஓடினார். இடுக்கு இடுக்காகவே தெரிந்தது.

இன்றைய கைத்தொலைபேசியின் கமரா இன்னும் சிறிது. மூலையில், தாயின் கண்மட்டத்துக்கு அதைத் தாழ்த்துங்கள். கிட்ட நிற்பவரும் எட்ட நிற்பவரும் ஒருங்கே தெளிவாகத் தெரிவர். வாசல் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் தாயின் முகம் கறுக்கும். கமராப் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி போதும். கரிபிடித்த சுவரின் ஓரமும் படத்துக்குள் வரட்டும். அதை ஒதுக்கினால் குசினி அழகாயிருக்கும். ஆனால், அது அந்தத் தாயின் குசினியாயிராது.