சைக்கிள் பிரேமுக்கு ஆயுள் எத்தனை?

சங்கக் கூட்டங்களில் என்னைப் பார்க்கும் அன்பர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்வி இது: “அப்பா ஓட்டிய பழைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. பையனுக்குக் கொடுக்கலாமா, பங்கார்வாலாவிடம் போட்டுவிடலாமா?” ரயில்வே பணிமனையில் முப்பத்தொரு வருடம் அச்சுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பலருக்கும் பயன்படட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஓடும்போது டயர் வெடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். முன் போர்க் முறிந்தால் ஓட்டுகிறவர் முகம் குப்புற விழுவார். பிள்ளைகள் கையில் கொடுக்கிற வண்டி என்றால் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃகு பிரேமுக்கு மருந்துப் புட்டியில் இருப்பதுபோல் காலாவதித் தேதி கிடையாது. நன்றாகச் செய்யப்பட்டு, துருவும் அடியும் படாமல் இருந்தால் அது ஐம்பது, அறுபது வருடம்கூட ஓடும். சோனிபட்டில் 1951ல் தொடங்கிய அட்லஸ் நிறுவனம் 2020 ஜூனில் தன் சாகிபாபாத் ஆலையையும் நிறுத்திவிட்டது. அதற்குப் பல வருடம் முன் அங்கிருந்து வெளிவந்த பிரேம்கள் இன்னும் பால் கேன் சுமந்துகொண்டிருக்கின்றன. நான் 1979ல் வாங்கிய சைக்கிளும் ஓடுகிறது. ரிம், செயின், பெடல், பால்ரஸ் எல்லாம் பலமுறை மாறிவிட்டன. முன் போர்க் ஒரு தடவை மாறியது. பிரேம் மட்டும் அதே பிரேம்.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு

ஒரு மெல்லிய கம்பியை ஒரு தடவை மடக்கினால் ஒடிவதில்லை. முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை மடக்கினால் ஒடிந்துவிடுகிறது. இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறோம். இதன் விபரீதத்தை உலகம் உணர்ந்தது ரயிலால்தான். 1842 மே மாதம் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குப் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீயும் பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை சுமையைத் தாங்கி ஓடிய அச்சு ஒருநாள் திடீரென்று ஏன் முறிய வேண்டும்?

பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், 1850களிலும் 60களிலும் அச்சுகளையும் எஃகுத் துண்டுகளையும் லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமைகூட, திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று கண்டார். கூடவே நமக்கு ஆறுதலான இன்னொன்றையும் கண்டார்: சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருக்குமானால், எத்தனை தடவை வந்தாலும் எஃகு முறிவதில்லை. சாதாரண எஃகில் அந்த எல்லை, அதை ஒரேயடியாக இழுத்து அறுக்கத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பாதி. அலுமினியத்துக்கு இப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு அசைவும் அதன் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. அலுமினிய பிரேமின் குழாய்களைப் பருமனாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நம் கறுப்பு சைக்கிளுக்குப் போட்டுப் பார்ப்போம். பெடல் பக்கம் 44 பல், பின் சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். தினம் 10 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 1,800 சுற்று, அதாவது 3,600 மிதி. வருடத்தில் 300 நாள் ஓட்டினால் பத்து லட்சத்துக்கு மேல்; பத்து வருடத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். சோதனைச்சாலையில் ஒரு கோடி தடவை தாங்கிய எஃகுத் துண்டை, அந்தச் சுமைக்கு இனி முறியாது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பத்து வருடம் நன்றாக ஓடிய பிரேம், மிதித்ததால் மட்டும் முறியப் போவதில்லை.

துருதான் எமன்

இந்தக் கணக்கைக் கெடுப்பது துரு. துரு அரித்த இடத்தில் குழாய்ச் சுவர் மெலிகிறது. பொடிப் பொடியாகக் குழி விழுகிறது. அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. அதைவிட முக்கியம், ஈரமும் உப்பும் அரித்துக்கொண்டே இருக்கும் எஃகுக்கு வோலர் கண்ட அந்தப் பாதுகாப்பான எல்லையே இல்லாமல் போய்விடுகிறது.

நம் மும்பையில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். சென்னையில் சுமார் 1,400தான். போதாக்குறைக்கு இங்கும் கடல் காற்று. பெயிண்ட் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மழைத் தண்ணீர் சீட் கம்பி நுழையும் இடத்தின் பிளவு வழியாக உள்ளே இறங்கி, கடைக்காரர்கள் பி.பி. என்று சொல்லும் பெடல் அச்சுக் குழலில் போய்த் தேங்குகிறது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது.

தடுப்பது எளிது. மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவையும் பின்பு ஒரு தடவையும் சீட்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தித் தண்ணீரை வடியவிடுங்கள். உள்ளே நன்றாகக் காய்ந்தபின் இரண்டு மூன்று ஸ்பூன் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பரவவிடுங்கள். பெயிண்ட் கடையில் ‘அல்ஸி கா தேல்’ என்று கேளுங்கள். அது காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்துவிடும். சீட் கம்பிக்குக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இல்லாவிட்டால் துரு அதைக் குழாயோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும்.

எங்கே பார்ப்பது?

நாலு இடங்கள் போதும்.

ஒன்று, ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் தலைக் குழாயோடு பிரேம் குழாய்கள் சேரும் இடம். எதிலாவது நேருக்கு நேர் மோதிய வண்டியில் இங்கே பெயிண்ட் சுருங்கி, குழாய் மெல்லப் புடைத்திருக்கும். விரலால் தடவினால் தெரியும்.

இரண்டு, பி.பி. குழலைச் சுற்றியுள்ள இணைப்புகள். மூன்று, பின் சக்கர அச்சு உட்காரும் தட்டுகள். அதிகச் சுமை ஏற்றிய வண்டிகளில் இங்கே விரிசல் விடும்.

நான்கு, போர்க். இதன் தண்டு பிரேமுக்குள் ஒளிந்திருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. வருடம் ஒரு முறை ஓவராயில் செய்யும்போது போர்க்கைக் கழற்றச் சொல்லி, தண்டின் அடிப்பாகத்தை நீங்களே பாருங்கள். என் சைக்கிளில் அப்படித்தான் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. அன்றே புது போர்க் போட்டேன்.

சந்தேகமாக இருந்தால் பழைய ரயில்வே முறை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் ஒட்டத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு கோடாகத் தெரியும். எங்கள் பணிமனையில் எண்ணெயும் சுண்ணாம்பும் கொண்டு அச்சுகளை இப்படித்தான் பார்த்தார்கள். அல்ட்ராசோனிக் கருவி பின்னால் வந்தது.

பற்றவைக்கலாமா?

பிரேமில் விரிசல் என்றால் இடத்தைப் பொறுத்தது. சாதா சைக்கிளின் குழாய்கள் சாக்கெட்டுக்குள் செருகி, பித்தளை உருக்கி இணைக்கப்பட்டவை. பித்தளை ஏறத்தாழ 900 டிகிரியில் உருகும். எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆகவே காஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைத்தால் எஃகு அதிகம் கெடாது. ஜன்னல் கம்பி ஒட்டுகிற கடையில் கரன்ட் வெல்டிங் வைத்தால், மெல்லிய குழாய் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிந்துவிடும். பின் தட்டு, கேரியர் பக்கம் என்றால் கை தேர்ந்தவரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம். போர்க்கை மட்டும் யாரும் ஒட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், புதிது வாங்குங்கள்.

இனி மாடிப்படிக்கு அடியில் இருப்பதை வெளியே இழுத்துப் பாருங்கள். குழாயை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது உள்ளே அமுங்கினாலோ, தலைக் குழாய் அருகே புடைத்திருந்தாலோ, அது அப்பாவின் சைக்கிளாகவே இருந்தாலும் பழைய இரும்புக்குப் போகட்டும். பால்காரருக்கோ வாட்ச்மேனுக்கோ தானமாகவும் கொடுக்க வேண்டாம். நம் பிள்ளைக்கு ஆகாத வண்டி அவருக்கும் ஆகாது. நாலு இடமும் சுத்தமாக இருந்தால், டயர், டியூப், பிரேக் கட்டை, பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்து தாராளமாகப் பேரனிடம் கொடுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊற்றும் வேலையையும் அவனுக்கே பழக்கிவிடுங்கள்.