பாலூட்டும் தாய் எடையைக் குறைக்கலாமா?

பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிவதற்குள், "என்ன இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்கும் உறவினர் நம் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அதே வீட்டில் இன்னொருவர், "பால் ஊறணும், இன்னும் ரெண்டு கரண்டி நெய்ச்சோறு போட்டுக்கோ" என்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெண், கடைசியில் யாரிடமும் சொல்லாமல் காலை உணவை நிறுத்திவிடுகிறாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அதிக எடை. 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு இது. உடல் பருத்திருந்தாலும் உள்ளே சத்துக் குறைவாக இருக்கலாம். எனவே பட்டினி கிடப்பது தீர்வாகாது.

எவ்வளவு உணவு தேவை?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, அதிக உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் இதோடு 600 கலோரியும், ஏழாம் மாதம் முதல் ஒரு வயது வரை 520 கலோரியும் கூடுதலாகத் தேவை.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். 100 மில்லி பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது. அந்தப் பாலைச் சுரக்கவும் உடல் சக்தியைச் செலவிடுகிறது. கூடுதல் உணவு இதற்காகத்தான்.

எப்போது, எவ்வளவு குறைப்பது?

பிரசவித்த முதல் இரண்டு மாதங்கள் எடையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். காயம் ஆறவும் பால் நிலைக்கவும் உடலுக்கு அவகாசம் வேண்டும். அதன்பின் நாளைக்கு 300 முதல் 400 கலோரி வரை குறைக்கலாம். மொத்த உணவு 1800 கலோரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை குறையக் கூடாது. குழந்தை நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உணவுக் குறைப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் எடையை அங்கன்வாடியிலேயே பார்க்கலாம். சர்க்கரை நோய், தைராய்டு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். எடை குறைக்கும் பொடி, மாத்திரை பக்கமே போகாதீர்கள்.

எதைக் குறைப்பது?

நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 160 கலோரி. சமையலில் தாய் சாப்பிடும் பங்கில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் 120 கலோரி. இந்த இரண்டிலேயே 280 கலோரி மிச்சம். சோற்றில் கை வைக்க வேண்டியதில்லை. நள்ளிரவிலும் புரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊர் மதுரை. இரவில் பார்சல் வரும் புரோட்டாவையும், வெயிலுக்கு என்று குடிக்கும் ஜிகர்தண்டாவையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டை, மீன், பருப்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் இவற்றைக் குறைக்கக் கூடாது. ஈரல் வாரம் ஒருமுறை போதும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதல் ஆறு மாதங்களுக்கு அங்கன்வாடியில் தாய்க்குத் தரும் சத்துமாவை வாங்கிச் சாப்பிடுங்கள்.

ரமலானில் நோன்பை எடை குறைக்கும் வழியாகக் கருத வேண்டாம். தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் தாய், நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பால் மறக்கடிக்கும்போது

பல பெண்களுக்கு எடை ஏறுவது இந்தக் காலத்தில்தான். பால் குறைந்துவிடும், சாப்பாட்டின் அளவு பழையபடியே இருக்கும். போதாக்குறைக்குக் குழந்தை மிச்சம் வைத்த இட்லியும் பருப்புச் சோறும் தாயின் வயிற்றுக்குத்தான் போகும். பால் பாதியாகக் குறைந்தால் கூடுதல் உணவையும் பாதியாக, அதாவது 250 முதல் 300 கலோரி வரை, குறைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் நின்றபின் பழைய 1660 கலோரியே போதும்.

பாலை ஒரேயடியாக நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். ஒரு வேளைப் பாலை நிறுத்தி, சில நாள் பொறுத்து அடுத்த வேளையை நிறுத்துங்கள்.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு என்றும், பால் மறக்கடிப்பதை இருவரும் கலந்து பேசி முடிவு செய்யலாம் என்றும் அதே வசனம் கூறுகிறது. மனைவி இன்று வேளை தவறாமல் சாப்பிட்டாளா என்று கவனிப்பதும் அந்தப் பொறுப்பில் சேரும். மாலையில் அரை மணி நேரம் கணவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அவள் நிம்மதியாக நடந்துவிட்டு வரலாம்.