முடித்தவை, நிறுத்தியவை, தொடாதவை

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்கு நடந்த போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாக நம் கைக்கு வரவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலில் இடம்பெற்றதாலும் சில பாடல்கள் மட்டும் தப்பின. கிடைத்தவற்றைப் படிக்க இன்றைய அரூர், பென்னாகரம் வாசகருக்கு எந்தத் தடையும் இல்லை. தகடூரை ஆண்ட அதியமானையும் அவரைப் பாடிய ஔவையாரையும் அறியப் புறநானூறு, தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அறியப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து என இரண்டுமே மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம், படைப்பாக்கப் பொது உரிமத்தில் நூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், ஒரே மாலையில் நூறு நூல்கள் கைப்பேசிக்குள் வந்துவிடும். வந்தவற்றை இலக்கியம், வரலாறு, அரசியல் என்று பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. தனிமனிதரின் சேகரிப்புக்கு அந்தப் பிரிப்பு அவ்வளவாகப் பயன்படாது. ஒவ்வொரு நூலையும் எவ்வளவு வாசித்திருக்கிறோம் என்பதை வைத்து அடுக்குவதே பயன் தரும்.

பொருள்வாரிப் பகுப்பு பொது நூலகத்துக்காக உருவானது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். யார், எதைக் கேட்டு வருவார் என்று நூலகருக்குத் தெரியாது. அதனால் எந்தப் பொருள் எந்த அலமாரியில் என்பது அங்கே முதல் கேள்வி. தன் சேகரிப்பைத் தானே திறப்பவருக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. மதுரைத் திட்டக் கோப்புகள் எண்ணையே பெயராகக் கொண்டு இறங்குகின்றன. அவற்றுக்கு நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் இட்டுவிட்டால் மீதியைத் தேடல் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்த நூலை எங்கே விட்டோம், ஏன் விட்டோம் என்பதைத் தேடல் பெட்டி சொல்லாது. அச்சுப் புத்தகத்தில் மடித்த பக்கமும் படிந்த தூசியும் அதைச் சொல்லிவிடும். நூலகப் புத்தகத்தில் ஒட்டிய தவணைத் தாள், படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒரு முடிவெடுக்க வைக்கும். மின்னூலுக்குத் தவணையும் இல்லை, தூசியும் இல்லை. திறக்காத கோப்பும் பத்து முறை திறந்த கோப்பும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ரங்கநாதனின் நான்காம் விதி வாசகரின் நேரத்தைக் காப்பது. வீட்டு நூலகத்தில் அந்த விதியை நிறைவேற்ற வாசிப்பு நிலையைக் குறித்து வைத்தாக வேண்டும்.

எத்தனை நிலைகள் வேண்டும்? படித்தது, படிக்காதது என்ற இரண்டோடு அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் நின்றுவிடுகிறது. 2007-இல் வந்த குட்ரீட்ஸ் வாசகர் தளம் 'படித்துக்கொண்டிருப்பது' என்ற ஒன்றைச் சேர்த்தது. அதே ஆண்டு பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார், படிக்காத நூல்களைப் பற்றிப் பேசுவது எப்படி என்று எழுதிய நூலில், அறியாதவை, புரட்டியவை, பிறர் சொல்லக் கேட்டவை, படித்து மறந்தவை என நான்காகப் பிரித்தார். தமிழ் வாசகருக்கு ஐந்து நிலைகள் பொருந்தும்: தொடாதவை, கையில் இருப்பவை, நிறுத்தியவை, முடித்தவை, அவ்வப்போது எடுத்துப் பார்ப்பவை. கடைசி வகை இல்லாமல் நம் நூல்களைக் கையாள முடியாது. நானூறு பாடல் கொண்ட புறநானூற்றையோ ஓர் அகராதியையோ முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்து 'முடித்தவை'யில் வைப்பவர் அரிது. அவற்றைத் 'தொடாதவை'யில் வைப்பதும் பொய்யாகும். ஐந்தில் அதிகம் பயன்படுவது 'நிறுத்தியவை'. நிறுத்திய காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்தால் போதும். உரை இல்லாமல் புரியவில்லை என்பது ஒரு காரணம், எழுத்து மங்கிய ஸ்கேன் என்பது இன்னொன்று, சலிப்பு மூன்றாவது. முதலாவதற்கு வேறு பதிப்பைத் தேட வேண்டும், இரண்டாவதற்கு வேறு கோப்பை. மூன்றாவதைக் கூச்சமில்லாமல் நீக்கிவிடலாம்.

செயலியே சதவீதம் காட்டும்போது நாம் ஏன் குறிக்க வேண்டும் என்று கேட்கலாம். சதவீதம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைக் காட்டும். படித்தோமா என்பதைக் காட்டாது. நீண்ட பின்னிணைப்புள்ள ஆய்வு நூல் எழுபதிலேயே முடிந்திருக்கலாம். பொருளடக்கத்திலிருந்து கடைசி இயலுக்குத் தாவியவருக்குத் தொண்ணூறு காட்டலாம். அந்தக் கணக்கு நிறுவனத்தின் கையில் இருப்பதும் சிக்கல்தான். 2009-இல் உரிமைச் சிக்கல் காரணமாக ஆர்வெல்லின் '1984' நூலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. நிலைக்குறிப்பு நம்மிடமே இருப்பது நல்லது. கோவித் கோயல் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருளான காலிபரில் நாமே ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, அதில் இந்த ஐந்து சொற்களை மட்டும் அனுமதிக்கலாம்; முடித்த தேதிக்கு இன்னொன்று சேர்க்கலாம். கணினி இல்லாதவருக்குக் கைப்பேசியில் ஐந்து ஃபோல்டர்கள் போதும்.

வாசிப்பைக் கணக்குப்பிள்ளை வேலையாக்குவது தகுமா என்பது இன்னும் கனமான மறுப்பு. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவின் பெரிய நூலகத்தை எடுத்துக்காட்டி, படித்த நூல்களைவிடப் படிக்காத நூல்களே மதிப்பு மிக்கவை என்று எழுத்தாளர் நசீம் தாலேப் வாதிட்டார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த மதிப்பு, எவை படிக்காதவை என்று உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும்வரைதான். 'தொடாதவை' எவ்வளவு நீண்டாலும் அது கடனாகாது. கட்டுப்பாடு 'கையில் இருப்பவை'க்கு மட்டும் போதும். அங்கே மூன்று நான்கு நூல்களுக்கு மேல் சேர்ந்தால் எதுவுமே நகராது. ஆண்டுக்கு இத்தனை நூல் என்று எண்ணிப் பெருமைப்படுவது வேறு நோய். அதற்கு நிலைக்குறிப்பைக் குறை சொல்ல முடியாது.

2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு விகிதம் குறைந்த மாவட்டம் தருமபுரி. இங்கே இந்தப் பேச்சு ஆடம்பரம் இல்லையா? அலமாரியும் ஓய்வும் உள்ளவருக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். குரூப் 4 தேர்வுக்காக ஆறாம் வகுப்பு முதலான பாடநூல்களை பிடிஎஃப் ஆக இறக்கி, வேலை முடிந்த இரவில் திறக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது நேரக் கணக்கு. எந்தப் பாடம் ஒருமுறை முடிந்தது, எது திருப்புதலில் இருக்கிறது, எது புரியாமல் நின்றது என்று அவர் நோட்டில் குறிப்பதும் வாசிப்பு நிலைதான். குறைந்த நேரத்தில் படிப்பவரே எங்கே விட்டோம் என்று தேடி அதிகம் இழக்கிறார். தேர்வு முடிந்ததும் அந்தப் பழக்கத்தை நோட்டோடு மூடி வைக்காமல் நாவலுக்கும் வரலாற்றுக்கும் நீட்டினால், இலவசமாய் வந்து குவிந்த கோப்புகள் அவருடைய நூலகமாகும்.